எலுமிச்சம்பழம் எங்கே போகிறது? நிலாவரைக் கிணறும் அதை அளக்க வந்தவர்களும்

இந்தக் கட்டுரை களுபோவிலயில், எங்களில் ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில் தொடங்கியது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை அந்த வீட்டுக்குக் கிட்ட. காற்று இந்தப் பக்கம் வீசுகிற இரவுகளில் சிங்கம் கத்துவது கேட்கும். மாதம் ஒருமுறை அங்கே கூடி எதையாவது வாசித்துக் கதைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு என்ன வாசித்தோம் என்று இப்போது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எங்களில் ஒருவன் திருகோணமலையில் ஸ்கூபா பயிற்சி முடித்து, கையில் ஒரு பிளாஸ்ரிக் அட்டையோடு வந்திருந்தான். 18 மீற்றர் வரை இறங்கலாம் என்று அந்த அட்டை சொல்கிறது. கடல் ஆமை பார்த்த கதை, காது அடைத்த கதை எல்லாம் முடிந்த பிறகு, "கடல் சரி. நிலாவரைக்குள்ள இறங்கினா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான்.

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மம்மா நின்றுவிட்டார். புத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர் அவர். "நிலாவரையில எலுமிச்சம்பழம் போட்டா கீரிமலையில போய் மிதக்குமாம். நீ இறங்கினா எங்க போய் மிதப்பியோ, முருகா" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த எலுமிச்சம்பழம் எங்களை விடவில்லை. வரலாறு படிக்கிறவர்கள், புவியியல் படிக்கிறவர்கள், தமிழ் படிக்கிறவர்கள் என்று கலைப்பீடத்துக் கூட்டம் நாங்கள். அந்தக் கிணற்றுக்குள் இதுவரை யார் யார் எட்டிப் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள் என்று தேட வெளிக்கிட்டோம். தேடிக் கண்டதில் ஒன்று எங்களைக் கொஞ்சம் வெட்கப்படவும் வைத்தது: கிணற்றைப் பற்றிய சரியான கேள்வியைக் கேட்டது அம்மம்மாதான். படித்து, கருவியோடு வந்தவர்கள் பெரும்பாலும் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

குளித்தவர்கள்

முதலில் 'குளித்தல்' என்ற சொல். இன்று நாங்கள் குளிப்பது வாளியும் ஷவரும் வைத்து. ஆனால் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்கிறபோது அந்தச் சொல்லுக்கு மூழ்குதல் என்று பொருள். மன்னார் வளைகுடாவில் காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கியவர்களின் தொழில் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சிலிண்டர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே தமிழ்பேசும் கரையோரங்களில் சுழியோடிகள் இருந்தார்கள்.

அந்தத் தொழிலுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பிறகு உதவும். மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பு 1905இல் என்றுமில்லாத அறுவடை கண்டது. அடுத்த வருடமே பிரித்தானிய அரசு முத்துப்படுகைகளை லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. அள்ள அள்ளக் குறையாது என்ற கணக்கு. 1907க்குப் பிறகு பல வருடங்களுக்குக் குளிப்பே நடக்கவில்லை. சிப்பி இல்லை. கம்பனியும் போய்ச் சேர்ந்தது.

சிலிண்டர் முதுகில் ஏறியது 1950களில். அந்தக் கதை எங்கள் களுபோவிலக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இலங்கை நீரடி உலகின் முன்னோடி ரொட்னி ஜொங்க்ளாஸ் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்தவர், எங்கள் சிங்கத்தின் அயலவர் என்று சொல்லலாம். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தார்கள். மூவரும் சேர்ந்து கரையோரப் பவளப்பாறைகளில் மூழ்கினார்கள். திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலுக்குள் பார்த்தார்கள். கிளார்க் அதை 1957இல் வந்த தனது புத்தகத்தில் எழுதினார். 1961இல் வில்சனின் குழு தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறையில் மொகலாயர் கால வெள்ளி நாணயங்கள் கிடந்த கப்பலைக் கண்டது. 1962இல் வில்சன் எடுத்த 'ரன்முத்து தூவ' சிங்களத்தின் முதல் வண்ணப்படம். நீருக்கடிக் காட்சிகளுக்காகச் சனம் திரண்டது.

கவனித்தீர்களா, எல்லாமே கடல். இவர்களில் எவரும் நன்னீர் ஊற்று ஒன்றுக்குள் இறங்கியதாக நாங்கள் வாசித்ததில் எங்கும் வரவில்லை. கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வடக்கே, வயலும் தோட்டமும் சூழ, அடி தெரியாத நீலத்தோடு ஒரு கிணறு இருந்துகொண்டே இருந்தது.

கிணறு என்று சொல்லப்படுவது

நிலாவரை யாழ்ப்பாணத்திலிருந்து பத்து மைலுக்குள், புத்தூர் நவக்கிரியில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் யாழ்ப்பாணம். அங்கிருந்து இன்னொரு பஸ். போய்ப் பார்த்தபோது முதலில் தோன்றியது, இதை யார் கிணறு என்று சொன்னது என்பதுதான். கேணி மாதிரிச் சதுரமாகக் கட்டு, இறங்கப் படிகள், சுற்றிவரத் தடுப்பு. நடுவில் தண்ணீர். கரையில் பச்சை, நடுவில் நீலம், அதற்குப் பிறகு கறுப்பு.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. இராவணனோடு போர் முடிந்து திரும்பிய இராமர், தாகத்தில் தவித்த படைக்காக அம்பை நிலத்தில் குத்தினார், நீர் பீறியது. இராமாயணத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாக் கிணறுகளுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று எங்களில் ஒருவன் சலித்துக்கொண்டான். உண்மைதான். ஆனால் ஆறு இல்லாத ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் யோசித்திருக்கிறார்கள். கீழேயிருந்து வருகிறது, துளை விழுந்த இடத்தில் வருகிறது என்பது அவர்கள் பதில். அம்பை எடுத்துவிட்டால் மிச்சம் புவியியல்தான்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல். மாரி மழை மண்ணுக்குள் இறங்கும்போது மெல்லிய அமிலமாகி, ஆயிரமாயிரம் வருடமாகக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகிறது, குழாய் குகையாகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்தால் நிலத்தில் ஒரு வாய் திறக்கும். ஊரில் அதை இடிகுண்டு என்பார்கள். நிலாவரை அப்படித் திறந்த வாய்தான் என்று புவியியல் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். யாரும் வெட்டிய கிணறு அல்ல. பாறைக்குள் இருக்கிற தண்ணீரைப் பார்க்க ஒரு ஜன்னல்.

அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது அடுத்த விஷயம். குடாநாட்டைச் சுற்றிலும் கடல், அதன் உப்புநீர் பாறைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. மழைநீர் அதைவிடப் பாரம் குறைந்தது. அதனால் உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நெதர்லாந்துக்காரர் கைபனும் பிறகு ஜெர்மன்காரர் ஹெர்ஸ்பெர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். கேட்க நல்லாயிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பயமாயிருக்கிறது. மேலே 1 அடி குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். குகையும் வெடிப்பும் உள்ள பாறையில் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருக்காது. திசை மட்டும் மாறாது.

நீராவி இயந்திரம்

நிலாவரையைப் பற்றி அச்சில் வந்த பழைய விபரிப்புகளில் பேர்போனது எமர்சன் ரெனன்ட் எழுதியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859இல் இலங்கை பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதில் 'பொட்டூர்' கிணறு வருகிறது. ஆழம் சுமார் 24 பாகம் என்கிறார், அதாவது 144 அடி, கிட்டத்தட்ட 44 மீற்றர். மேலே நன்னீர், கீழே போகப் போக உவர், அடியில் கடும் உப்பு என்கிறார். வில்லைக் கணக்கு அச்சில் வருவதற்கு முப்பது வருடம் முந்தி, கயிறு இறக்கிப் பார்த்தவர்கள் அந்த அடுக்கைக் கண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் எழுதுகிறார். இந்தத் தண்ணீர் நிலத்துக்கடியால் ஓடி, ஏழு மைல் வடமேற்கே காங்கேசன்துறைக்குக் கிட்ட, கடற்கரையில் வெளிவருகிறது என்று ஊரவர் எல்லோரும் நம்புவதாக. அந்தத் திசையில், அந்தக் கரையில் இருப்பது கீரிமலை! அம்மம்மாவின் எலுமிச்சம்பழம் இல்லையென்றாலும், அது போகிற பாதை 1859இல் லண்டனில் அச்சேறியிருக்கிறது. மொட்டைமாடியில் இதை வாசித்த அன்று அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "நான் சொன்னா சிரிப்பியள், வெள்ளைக்காரன் எழுதினா நம்புவியள்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ரெனன்ட் ஊரவர் நம்பிக்கையை ஒரு வியப்பாகக் குறித்துவிட்டுப் போய்விடுகிறார். அரசு கையை வைத்தது வேறு கேள்வியில்: எவ்வளவு எடுக்கலாம்? சுற்றியுள்ள காணிகளுக்குப் பாய்ச்சுவதற்காகப் புத்தூரில் ஒரு நீராவி இயந்திரம் பூட்டப்பட்டது. இறைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே இல்லை. அதை வற்றாத கிணற்றின் அதிசயமாக இன்றைக்கும் சொல்கிறோம். பாடசாலைச் சுற்றுலாவில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜன்னல் ஒன்றால் தண்ணீரை எடுத்தால், பாறைக்குள் இருக்கிற குழாய்கள் எல்லாத் திசையிலிருந்தும் அதை நிரப்பும். மேலே உள்ள நன்னீர் குறைந்தால் கீழே உள்ள உவர்நீர் ஏறும். ஆக, மட்டம் அப்படியேதான் இருக்கும். மாறுவது தண்ணீரின் குணம். அளவுகோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கிணறு முழுக்க உப்பான பிறகும் 'குறையவில்லை' என்றுதான் எழுதுவோம். மட்டம் பொய் சொல்லும். உப்பு பொய் சொல்லாது. முத்துப்படுகையில் செய்த அதே பிழைக் கணக்கு, இங்கே தண்ணீரில்.

குடாநாட்டு விவசாயிக்கு இது தெரியாத விஷயமல்ல. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பே ஒரு கட்டுப்பாடு. ஒரு நாளைக்கு எவ்வளவு மிதிக்கலாமோ அவ்வளவுதான் தண்ணீர். ஊறும்வரை காத்திருந்து இறைப்பார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப் வந்தது. வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று தோட்டங்கள் செழித்தன, பிள்ளைகள் படித்தார்கள், எங்கள் தாத்தாக்களில் சிலர் கொழும்புக்கு வந்ததும் அந்தக் காசில்தான். அதனால் பம்பைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் கரையோரக் கிணறுகள் உவராகத் தொடங்கிய கதையையும் அதே தாத்தாக்கள்தான் சொன்னார்கள்.

கமரா

போர் முடிந்த பிறகு நிலாவரையின் அடியைப் பார்க்கக் கடற்படையின் உதவியோடு கமரா பூட்டிய இயந்திரம் இறக்கப்பட்டது. அடியில் மாட்டுவண்டிகள் கிடக்கின்றன, பக்கவாட்டில் குகைவழிகள் போகின்றன என்று செய்திகள் வந்தன. மாட்டுவண்டி எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்த வண்டிகள் எந்தக் காலத்தவை, யாருடையவை என்று ஆயிரம் கதை. எங்களுக்கும் அது பிடித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதிகமாகக் கேட்க வேண்டியது அந்தப் பக்கவழிகளைப் பற்றி. அவை எங்கிருந்து வருகின்றன? எங்கே போகின்றன? எந்த ஊரின் மலசலகூடக் குழிக்குக் கீழால், எந்தத் தோட்டத்துக்குக் கீழால்?

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு 'சுழியோடி' என்ற சொல் போர்ச்செய்தியில் வந்த சொல். இரண்டு பக்கத்துப் படைகளிலும் சுழியோடிகள் இருந்தார்கள். துறைமுகம், வெடிமருந்து, இரவு. அதனால்தானோ என்னவோ, நிலாவரைக்குள் யாரோ இறங்குகிறார்கள் என்றால் ஊரில் முதலில் வருகிற கேள்வி 'என்ன கண்டார்கள்' அல்ல. 'எதுக்கு இறங்கினவை?' என்பதுதான்.

வேறு ஊர்களின் கிணறுகள்

எங்கள் அட்டைக்காரன் கேட்ட கேள்விக்கு வருவோம். இறங்கலாமா?

தென் அவுஸ்திரேலியாவில் மவுன்ட் கம்பியர் என்ற ஊர் இருக்கிறது. யாழ்ப்பாணம் மாதிரியே சுண்ணாம்புக்கல், தெளிந்த தண்ணீர், நிலத்தில் திறந்த வாய்கள். ஸ்கூபா பரவியபோது கடலில் மூழ்கிப் பழகியவர்கள் அங்கே திரண்டார்கள். 1969க்கும் 1974க்கும் இடையில் 11 பேர் செத்தார்கள். அதில் நான்கு பேர் 1973இல் ஒரே நாளில், 'த ஷாஃப்ட்' என்ற ஒரே குழியில். காரணம் விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. கடலில் தலைக்கு மேல் வானம் இருக்கிறது, குகையில் கல் இருக்கிறது. துடுப்பு பட்டால் வண்டல் கலங்கி வெளிச்சம் போய்விடும். வெளியேறும் வழிக்குக் கயிறு இழுத்து வைக்காதவர் காற்று முடியும்வரை தேடுவார். அந்த வருடமே அங்கே குகைச் சுழியோடிகள் சங்கம் தொடங்கியது. தனிப் பயிற்சி, தனித் தராதரம், பிக்கனின்னி பொண்ட்ஸ் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட ஊற்றுகளுக்கு அனுமதிச்சீட்டு என்று ஒழுங்கு வந்தது. இன்றும் அங்கே மூழ்குகிறார்கள்.

இரண்டாவது ஊர் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள வக்குல்லா ஊற்று. 1950களின் நடுவில் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், அதாவது எங்கள் வயசுக்காரர்கள், அந்தக் குகைக்குள் மூழ்கி அழிந்துபோன யானையினங்களின் எலும்புகளைக் கண்டார்கள். பிறகு அந்த இடம் மாநிலப் பூங்காவானது. குளிக்கலாம். பொழுதுபோக்குக்கு ஸ்கூபா போட்டு இறங்க அனுமதி இல்லை. ஆய்வுக்கு அனுமதி பெற்ற சுழியோடிகள் மட்டும் இறங்கி, கிலோமீற்றர் கணக்கில் குகைவழிகளை வரைபடமாக்கினார்கள்.

அந்த ஊற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கெடத் தொடங்கியது. பாசி படர்ந்தது, அந்நியக் களை மண்டியது, தண்ணீர் கலங்கியதால் பேர்போன கண்ணாடி அடிப் படகுகள் ஓட முடியாத நாட்கள் கூடின. நைத்திரேற்று கூடியிருந்தது. எங்கிருந்து? 15 கிலோமீற்றருக்கும் அப்பால், தலஹாசி நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து ஒரு பெரிய வயலில் தெளித்துக்கொண்டிருந்தது. அந்த வயலுக்கும் இந்த ஊற்றுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, 2006இல் விஞ்ஞானிகள் வயலின் கீழே நிலத்தடி நீரில் சாயம் விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தச் சாயம் வக்குல்லாவில் வந்து நின்றது.

எலுமிச்சம்பழம்!

இதை வாசித்தபோது மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ஓரிடத்தில் போட்டது இன்னோரிடத்தில் மிதக்கும் என்று புத்தூரில் காலங்காலமாகச் சொல்லிவந்த அதே சோதனை. அங்கே அதைச் சாயத்தால் செய்து, அளந்து, தேதி போட்டு, நகரசபையின் மேசையில் வைத்தார்கள். தலஹாசி 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையத்தை மாற்றிக் கட்ட வேண்டி வந்தது. ஊற்று இன்னும் பழையபடி ஆகவில்லை. ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது.

எங்கள் தண்ணீர்

இங்கே அந்தக் கேள்விக்கு அவசரம் இல்லையா? சுன்னாகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கிணற்றில் அள்ளிய வாளியில் எண்ணெய் மிதந்தது. மின்நிலையப் பகுதியிலிருந்து நிலத்தில் இறங்கிய கழிவெண்ணெய். குடிக்க ஏலாது, குளிக்க ஏலாது, பவுசரில் வருகிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை. 2015இல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தண்ணீருக்காக இந்த நாட்டில் கிடைத்த முக்கியமான தீர்ப்புகளில் அது ஒன்று. ஆனால் சுன்னாகத்தில் எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. அதனால்தான் சனம் தெருவில் இறங்கியது.

நைத்திரேற்று தெரியாது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும், வீட்டுக்கு வீடு வெட்டியிருக்கிற மலக்குழிகளிலிருந்தும் அது இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அதிக நைத்திரேற்று உள்ள தண்ணீரில் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம். குழந்தை நீலம் பாரிக்கும். சுண்ணாம்புக்கல் மண்ணைப் போல வடிகட்டாது. வெடிப்பு வழியே போனது போனபடியே போகும். நிலாவரையின் பக்கவழிகள் இந்தத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் கீழால்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

அப்படியானால் பாதுகாக்கப்பட்ட கிணறு என்றால் என்ன அர்த்தம்? நிலாவரையைச் சுற்றித் தடுப்பு இருக்கிறது. குளிக்க இறங்கி உயிர்போனவர்களின் கதைகள் ஊரில் இருப்பதால் அந்தத் தடுப்பு வேண்டியதுதான். தொல்லியல் என்ற பெயரிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2021 ஜனவரியில் தொல்லியல் திணைக்களத்தினர் அந்த வளாகத்தில் தோண்டத் தொடங்கியபோது பிரதேச சபையும் மக்களும் போய் நின்று எதிர்த்தார்கள். இன்றைக்கு ஒரு குழி, நாளைக்கு ஒரு விகாரை என்ற பயம். வடக்கில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கிணற்றின் கரை யாருக்குச் சொந்தம் என்று சண்டை பிடிக்கிறோம். தேவையான சண்டை. கிணற்றின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஒருவரும் திரளவில்லை. தடுப்பு போட்டுக் காக்கிற அந்தச் சதுரத்தை ஒரு நிமிடத்தில் சுற்றி நடந்துவிடலாம். தண்ணீர் வருகிற நிலம் வலிகாமம் முழுக்க. சதுரத்துக்குள் ஒருவரும் இறங்காவிட்டாலும், நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்தபடியே அதற்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம், மலக்குழி வழியாக, யூரியா வழியாக. கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்வது லேசு என்பதும் தெரியும். களுபோவிலயில் எங்களுக்குப் பைப் தண்ணி. திறந்தால் வரும். நாங்கள் அதற்காக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

இறங்குவதா

நிலாவரைக்குப் போன அன்று அட்டைக்காரன் கரையில் நெடுநேரம் குந்தியிருந்தான். ரெனன்ட் சொன்ன 44 மீற்றர், பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான 40 மீற்றர் எல்லையையே தாண்டுகிறது. அவனுடைய அட்டை 18இல் நின்றுவிடும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் வெயிலில் காய்ந்த தார்றோட்டின் மேல் காற்று நெளிவதுபோல நெளியும், ஒரு துடுப்படி போதும், இரண்டும் கலந்துவிடும் என்று அவன்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினான். மெக்சிக்கோவின் குகைக்கிணறுகளில் மூழ்குகிறவர்கள் எடுத்த வீடியோக்களில் அதைப் பார்த்திருக்கிறானாம். பிறகு எழும்பி, "நான் இறங்கக்கூடாது" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா ஆரோ இறங்கவேணும்" என்றான்.

எங்கள் முடிவும் அதுதான். சுற்றுலாவுக்கு நிலாவரையைத் திறந்துவிடக் கூடாது. குடிக்கிற தண்ணீரில் டிக்கெட் விற்கக் கூடாது. ஆனால் 'புனிதம்', 'மர்மம்', 'வற்றாதது' என்று சொல்லி மூடி வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. குகைக்கென்று பயின்றவர்கள், பல்கலைக்கழகமும் பிரதேச சபையும் தெரிந்திருக்க, ஊரவர் பார்த்திருக்க, இறங்கட்டும். மாட்டுவண்டியைத் தேடுவதற்காக வேண்டாம். பக்கவழிகளை வரைய, ஒவ்வொரு ஆழத்திலும் உப்பையும் நைத்திரேற்றையும் எடுத்துப் பார்க்க, தீங்கில்லாத சாயத்தை மேட்டுப்பக்கத்துக் கிணறுகளில் விட்டு எங்கே வருகிறது என்று பார்க்க. முடிவைத் திணைக்களக் கோப்பில் பூட்டாமல் புத்தூர்ச் சந்தியில் தமிழில் ஒட்ட வேண்டும். எந்தக் குழியின் தண்ணீர் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று தெரிந்த ஊர், அதற்குப் பிறகு தெரியாத ஊர் மாதிரி நடந்துகொள்ள முடியாது.

அன்று பின்னேரம் கீரிமலைக்கும் போனோம். 1990இலிருந்து நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த கரை அது. இன்றைக்கு ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யச் சனம் வருகிறது. பக்கத்தில் கடல் உப்பாக அடித்துக்கொண்டிருக்க, கேணிக்குள் நன்னீர் பாறை வெடிப்பால் வந்துகொண்டேயிருக்கிறது. சிறுவர்கள் சுவரிலிருந்து குதித்தார்கள். எங்களில் மூன்று பேர் இறங்கினோம். குளிர்ந்த தண்ணீர், வாயில் பட்டால் உப்புக் கரிக்கவில்லை.

திரும்பி வந்து அம்மம்மாவிடம் சொன்னோம். எலுமிச்சம்பழம் ஏதும் மிதந்ததா என்று கேட்டார். இல்லை என்றோம்.

"அப்ப ஒருத்தரும் இன்னும் வடிவாப் போட்டுப் பாக்கேல்லை" என்றார்.